கீபோர்டு எனக்கு, மவுஸ் அக்காவுக்கு

மார்ச் 1, ஞாயிறு

கம்ப்யூட்டர் செத்துப்போனது. காலை பத்தே முக்கால். விளையாட்டில் எங்கள் ஆள் தத்தக்கா தொங்குபாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். திரை கறுத்தது, மேசைக்கு அடியிலிருந்து முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை. அக்கா ஒரே தாவலில் பிளக்கைப் பிடுங்கினாள். நான் மட்டும் கீபோர்டிலிருந்து விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். எதற்கு? திரையே இல்லை, எங்கே நடக்கப் போகிறேன்?

பதினோரு வருஷம் உழைத்த பெட்டி. போன மாத அப்டேட்டுக்குப் பிறகு முக்கி முனகிக்கொண்டுதான் இருந்தது. "போய்ச் சேந்துட்டான்" என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முப்பத்து நாலு வயதுப் பொம்பளை ஒரு இரும்புப் பெட்டிக்கு அழுதாள் என்று வெளியே சொல்ல முடியாது. இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 2, திங்கள்

பல் லேபில் சாப்பிடும்போது சொன்னேன். பக்கத்து மேசை அண்ணன், பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றுகிறவர், ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டு பேரு சேந்து ஒரே ஆளையா வெளையாடுவீங்க? அது எப்படிம்மா?"

அப்படித்தான் என்றேன். சின்ன வயதில் அம்மா ஆளுக்கு அரை மணி நேரம்தான் கம்ப்யூட்டர் கொடுப்பாள். அரை மணியில் என்ன விளையாடுவது? கதவைத் திறப்பதற்குள் முடிந்துவிடும். அக்காதான் வழி கண்டுபிடித்தாள். இரண்டு அரை மணியையும் சேர்த்து ஒரு மணி. மவுஸ் அவளுக்கு, கீபோர்டு எனக்கு. அவள் பார்ப்பாள், குறி வைப்பாள், எடுப்பாள். நான் நடப்பேன், குதிப்பேன், ஒளிவேன். எந்தப் பக்கம் நடப்பது? அவள் பார்க்கிற பக்கம்.

இருபத்து நாலு வருஷமாக இதே ஏற்பாடு. அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிறது, இப்போது யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. இருந்தும் ஞாயிறு காலை துணி காயப்போட்டு முடித்தால் பத்து மணி, இரண்டு நாற்காலி. எங்கள் ஆள் இரண்டு பேர் இழுப்பில் நடப்பதால் தத்தக்கா பித்தக்கா என்றுதான் போவாள். பெயரும் அதுவே ஆகிவிட்டது.

"புதுசு வாங்குறீங்களா? நல்ல கிராபிக்ஸ் கார்டாப் போடு. இன்னும் கொஞ்சம் போட்டா அதுக்கு மேல உள்ளதே வந்துரும்" என்றார் அண்ணன்.

மார்ச் 5, வியாழன்

மூன்று நாளாக வீடியோ. ஒருத்தர் பிராசசர்தான் உயிர் என்கிறார். அடுத்தவர் தலையில் அடித்துக்கொள்கிறார், கிராபிக்ஸ் கார்டுக்குப் போடாமல் பிராசசருக்குப் போடுகிறவன் முட்டாளாம். மூன்றாமவர் ரேம் விலை ஏறிக்கொண்டே போகிறது, இன்றே வாங்கிவிடு என்கிறார். அதே ஆள் போன வருஷ வீடியோவில் 'பொறுமையா இருங்க மக்களே' என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். நான் எந்த வருஷத்துப் பேச்சைக் கேட்பது?

பெயர்கள் வேறு படுத்துகின்றன. ஒரே எண். பின்னால் ஒரு எழுத்து சேர்ந்தால் வேகம் கூடுமாம், வேறொரு எழுத்து சேர்ந்தால் குறையுமாம். பல் நிறத்துக்கும் எழுத்தும் எண்ணும்தான், பதினாறு நிறம், ஜன்னலோரம் வைத்து ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். இதில் என்னைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது.

ஒரு பட்டியல் எழுதினேன். அடித்தேன். இன்னொன்று எழுதினேன். முதல் பட்டியலே பரவாயில்லை போலிருந்தது, ஆனால் அதைக் கிழித்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

பத்து மணிக்கு இருவரும் பழக்கதோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டோம். பெட்டியை மூலையில் ஒதுக்கியிருந்தோம், மேசைக்கடியில் அது இருந்த இடம் தூசி வடிவத்தில் தெரிந்தது. அக்கா தேநீரை ஊதி ஊதிக் குடித்தாள்.

"டெஸ்க்டாப் பாக்குறல்ல, அப்படியே ஒரு லேப்டாப்பும் பாரு."

"எதுக்கு?"

"பாரேன்."

மார்ச் 9, திங்கள்

எதுக்கு லேப்டாப்?

மார்ச் 11, புதன்

லேபிலிருந்து நேராகக் கடைக்குப் போனேன். மருந்துக்கடைக்கு மேல் மாடி, படிக்கட்டு முழுக்கக் காலி அட்டைப்பெட்டி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அம்மா, பிரித்துப் போட்ட கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தார். கடைக்காரர் எங்கே என்று கேட்டேன். "பாத்துட்டுத்தான இருக்கீங்க" என்றார். அசடு வழிந்தேன்.

என் பட்டியலை வாங்கி, கண்ணாடியை மாட்டி, மேலிருந்து கீழாகப் படித்தார்.

"இத யாரு எழுதிக் குடுத்தா?"

"நாந்தான்."

"பிராசசர் ஒரு கம்பெனி. போர்டு அடுத்த கம்பெனி பிராசசருக்கானது. குத்தி வச்சாலும் உக்காராது."

எனக்கு மானம் போயிற்று. ஒருத்தர் மேல்தாடைக்கு இன்னொருத்தர் கீழ்த்தாடை வைத்துப் பல்செட் செய்கிற மாதிரி! லேபில் யாராவது அப்படிச் செய்தால் நானே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பேன்.

அந்தம்மா சிரிக்கவில்லை. பேப்பரைத் திருப்பிப் போட்டுக் கேள்வி கேட்டார். என்ன விளையாட்டு? சொன்னேன். மானிட்டர் புதுசா? பழையதுதான். "அப்ப அந்த ஸ்கிரீனுக்கு இவ்ளோ பெரிய கார்டு எதுக்கு? நடுத்தரமாப் போதும். எதுல வேணா கஞ்சத்தனம் பண்ணுங்க, பவர் சப்ளைல மட்டும் பண்ணாதீங்க. கருகுனது அதான்." பழைய பெட்டியைக் கொண்டுவந்தால் அதன் டிஸ்கிலிருந்து விளையாட்டைக் காப்பாற்றித் தருகிறேன் என்றும் சொன்னார். தத்தக்கா பிழைத்தாள்!

பிறகு கேட்டார். "லேப்டாப் யாருக்கு? வீட்லயே இருக்குமா, ஊருக்கு எடுத்துட்டுப் போவாங்களா?"

"தெரியல."

"யாருக்கு, எதுக்குன்னே தெரியாம என்னத்தம்மா பாக்குறது? கேட்டுட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 12, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அக்கா இந்த ஊர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். பெரிய துறைமுகம் ஒன்றில் புதுக் கிரேன் வந்திருக்கிறதாம், அதை ஓட்ட இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரயிலில் எட்டு மணி நேரத் தூரம். ஏப்ரல் பன்னிரண்டு கிளம்ப வேண்டும். தங்க அறை கொடுக்கிறார்கள், அதில் டெஸ்க்டாப் வைக்க இடமில்லை. அதனால் லேப்டாப்.

கையெழுத்துப் போட்டு மூணு வாரம் ஆச்சு. மூணு வாரம்! பக்கத்து நாற்காலியில உக்காந்துக்கிட்டு, "இந்தப் பக்கம் வாடி, அங்க குழி இருக்கு"ன்னு தத்தக்காவுக்கு வழி சொல்லிக்கிட்டு, எனக்கு ஒரு வார்த்த சொல்லல.

"சொல்லணும்னுதான்டி இருந்தேன். வாய் வரல" என்றாள்.

கோபமா, சந்தோஷமா, பயமா? பெரிய துறைமுகத்துக் கிரேன் அவள் கனவு, தெரியும். எனக்கு என்ன வருகிறதென்றே தெரியவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பேசவில்லை. தேநீர் போட்டு வைத்தேன். குடித்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

எங்கள் கூட்டுச் சேமிப்புப் புத்தகத்தை என் முன்னால் வைத்தாள். "ரெண்டையும் நீயே பாத்து வாங்கு. எனக்கு எது வாங்குனாலும் சரி."

என்னிடமா? இந்த வீட்டில் ஜன்னல் திரையின் நிறம்கூட அவள் தேர்ந்தெடுத்ததுதான். நான் பல் லேபில் சேர்ந்ததே அவள் விளம்பரத்தைப் பார்த்து, "உனக்குக் கை நல்லா ஓடும், போ" என்று சொன்னதால். போனேன். நன்றாகத்தான் ஓடுகிறது. அவள் காட்டுவாள், நான் போவேன். இதில் எனக்கு இதுவரை ஒரு குறையும் இருந்ததில்லை.

"நீயும் உக்காந்து பாரேன்க்கா."

"எனக்கு அங்க வீடு, வேலைன்னு ஆயிரம் இருக்குடி. இத மட்டும் நீ பாரு."

மார்ச் 18, புதன்

பீங்கான் அண்ணனுக்கு இன்று முதல் 'இன்னுங்கொஞ்சம்' என்று பெயர். காலையில் நடுத்தரக் கார்டில் ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம் போட்டால் அடுத்தது. அதற்கு இன்னும் கொஞ்சம் போட்டால் அதற்கடுத்தது. சாப்பாட்டு மணி அடிக்கும்போது எங்கள் மொத்தச் சேமிப்பும் ஒரு கார்டுக்கே போதாமல் ஆகிவிட்டது. கேபினெட், ரேம் எல்லாவற்றையும் பாட்டுப் பாடியா வாங்குவேன்?

லேப்டாப் பற்றிக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். லேப்டாப்பிலும் அதே கார்டின் பெயரைப் பெரிதாக ஒட்டியிருப்பார்களாம், ஆனால் உள்ளே அதே பலம் இருக்காதாம். ஒல்லியான பெட்டி, சூடு தாங்காது, அதனால் அடக்கி வைத்திருப்பார்கள். அதிலும் ஒரே பெயரில் ஒரு லேப்டாப் பாயும், ஒரு லேப்டாப் தவழும். எத்தனை வாட் என்று கேட்காமல் வாங்காதே என்றார்.

பெயர் ஒன்றாக இருந்து ஆள் வேறாக இருந்தால் யாரைத்தான் நம்புவது? மண்டை காய்கிறது. மெழுகில் வைத்த கடைவாய்ப் பல்லை இன்று தலைகீழாக வைத்துவிட்டேன். யாரும் பார்ப்பதற்குள் பிடுங்கி எடுத்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்று வழி இருக்கிறது. பணத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் இரண்டுமே சுமார். லேப்டாப்புக்கு அதிகம் கொடுத்தால் அவள் அங்கே நன்றாக விளையாடலாம், எனக்கு இங்கே கொஞ்சம் மட்டமானது. டெஸ்க்டாப்புக்கு அதிகம் கொடுத்தால்...

டெஸ்க்டாப்பை ராஜா மாதிரி வாங்கி, லேப்டாப்பைக் கடிதம் அடிக்க மட்டும் ஆகிற மாதிரி வாங்கினால், அவளுக்குத் தத்தக்கா வேண்டுமென்றால் இங்கேதானே வர வேண்டும்?

எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். சே. இப்படி நினைக்கிறவளா நான்? சொந்த அக்காவுக்கு?

அடிக்கவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 25, புதன்

செய்துவிட்டேன்.

டெஸ்க்டாப்புக்கு அந்தம்மா சொன்னதைவிட இரண்டு படி மேலே உள்ள கார்டு. நல்ல பிராசசர், பொருந்துகிற போர்டு, கருகாத பவர் சப்ளை, கண்ணாடி வைத்த கேபினெட். மிச்சத்தில் ஒரு லேப்டாப். விளையாட்டைக் காப்பாற்றப் பழைய பெட்டியையும் கொடுத்தேன். கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"இதுல அந்த விளையாட்டு ஓடாதும்மா. படம் படமாத்தான் நகரும்."

"பரவால்ல. அவங்களுக்கு ஆபீஸ் வேலைக்குத்தான்."

கிரேன் ஓட்டுகிறவளுக்கு என்ன ஆபீஸ் வேலை? அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

டெஸ்க்டாப்புக்கு எனக்கென்று ஒரு கீபோர்டும் எடுத்தேன், விரல் வைத்தால் டக் டக்கென்று பேசுகிற ஜாதி. "மவுஸ் இருக்குதா?" என்று பில் போடும்போது கேட்டார். "இருக்கு" என்றேன். கார்டு வர மூன்று வாரம் ஆகுமாம், லேப்டாப் அடுத்த வாரமே வரும்.

மார்ச் 26, வியாழன்

போன் போட்டு மாற்றச் சொல்லலாமா என்று நான்கு தடவை எண்ணை எடுத்தேன்.

ஏப்ரல் 4, சனி

லேப்டாப் வந்தது. அக்கா பெட்டியைத் திறக்கவில்லை, முதலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் பொடி எழுத்தில் உள்ளதை ரொம்ப நேரம் படித்தாள். நான் அடுப்படியில் இல்லாத பாத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்குடி" என்றாள்.

"கனமில்லல்ல? தூக்கிட்டுப் போக வசதியா இருக்கும்னு பாத்தேன்."

"ஆமா, கனமே இல்ல."

அவ்வளவுதான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஏப்ரல் 11, சனி

மூட்டை கட்டினோம். இரண்டு பெட்டி, ஒரு பை. காலணியை அவள் சுற்றினாள், புத்தகங்களை நான் அடுக்கினேன். அவளுடைய மவுஸ் மேசையில் தனியாகக் கிடந்தது, இடது ஓரம் அவள் கட்டைவிரல் பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. "இத மறந்துடாதக்கா" என்று நானே ஒரு காலுறைக்குள் போட்டு, சுருட்டி, பையின் நடுவில் வைத்தேன். "என் செல்லம்" என்று கன்னத்தைக் கிள்ளினாள். முப்பத்து நாலு வயதுக் கன்னம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ரயில் பத்து மணிக்கு. வேண்டுமென்றே வைத்த மாதிரி, அதே பத்து மணி. ஜன்னலுக்கு வெளியே நின்று "தண்ணி இருக்கா, சீட்டு இருக்கா, சார்ஜர் எடுத்தியா" என்று மூன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டேன். சொல்ல வந்தது அதுவல்ல. வண்டி நகர்ந்தபோது அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேனோ.

துணி துவைக்கவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

டெஸ்க்டாப் வந்தது! கடைக்காரம்மாவே ஆளோடு வந்து மேசைக்கடியில் வைத்து, ஒரு முறை போட்டுக் காட்டிவிட்டுப் போனார். உள்ளே நீல விளக்கு. கத்தாமல் ஓடுகிறது. பழையவன் அறை முழுக்கப் பெருமூச்சு விடுவான்.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். என் கீபோர்டு, என் நாற்காலி. திரையில் தத்தக்காவின் படம். அதை அழுத்தினால் விளையாட்டு திறக்கும். அழுத்த வலது கையை நீட்டினேன்.

மவுஸ் இல்லை.

மேசையில் இல்லை, மேசைக்கடியில் இல்லை, டிராயரில் இல்லை. டிராயரைக் கவிழ்த்துப் போட்ட பிறகுதான் காலுறை நினைவுக்கு வந்தது. நானே சுருட்டி, நானே வைத்து, நானே வழியனுப்பிய மவுஸ். பில் போடும்போது அந்தம்மா கேட்டார், இருக்கு என்றேன். எனக்குப் பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை. மவுஸ் எப்போதும் இருக்கும், அது பக்கத்து நாற்காலியின் கையில் இருக்கும். வாங்க வேண்டிய பொருள் என்று ஒரு மாதத்தில் ஒரு நாள்கூட, ஒரு பட்டியலில்கூட எழுதவில்லை. எத்தனை பட்டியல்! ராஜா மாதிரி கம்ப்யூட்டர் வாங்குனேன், கையே இல்லாம வாங்கிருக்கேன். மடச்சி. வடிகட்டுன மடச்சி.

அடக்க முடியாமல் அழுதேன். நீல விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் 17, வெள்ளி

கடைக்குப் போய் ஒரு மவுஸ் வேண்டும் என்றேன்.

"இருக்குன்னீங்களே?"

"போயிருச்சு."

கையை நீட்டச் சொன்னார். அளவு உண்டாம். சின்னக் கை, நடுக் கை, பெரிய கை. உள்ளங்கையை முழுக்க வைப்பவர்கள், விரல் நுனியால் பிடிப்பவர்கள். "நீங்க எப்படிப் பிடிப்பீங்க?" பேய்முழி முழித்தேன். லேபில் தேவைக்குப் பிடித்திருக்கிறேன், விளையாட்டில் ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. அக்காவின் கட்டைவிரல் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னுடையது எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. ஆறேழு மவுஸைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். கடைசியில் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பத்து மணி. தனியாக உட்கார்ந்தேன். தத்தக்கா தொங்குபாலத்தின் நடுவில், மார்ச் ஒன்றாம் தேதி விட்ட அதே இடத்தில் நின்றாள். படம் என்ன தெளிவு! பலகையின் நார்கூடத் தெரிகிறது.

நடந்தேன். பார்க்கவில்லை. விழுந்தாள். பார்த்தேன். நடக்கவில்லை. நடந்துகொண்டே பார்த்தேன், தலை வானத்துக்குப் போய்விட்டது. மேகத்தைப் பார்த்தபடி பாலத்திலிருந்து இறங்கிக் காற்றில் நடந்து செத்தாள். பதினேழு தடவை. வலது கையும் இடது கையும் ஒரே உடம்பில் இருந்துகொண்டு ஒன்றையொன்று அறியாத மாதிரி முழிக்கின்றன.

சாயந்திரம் அக்கா போன் செய்தாள். லேப்டாப்பில் விளையாட்டை ஏற்றிவிட்டாளாம்.

"எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுதுடி. சூப்பரா ஓடுது."

ஓடாது. ஓடவே ஓடாது. எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 23, வியாழன்

இன்னுங்கொஞ்சம் அண்ணன் எல்லாம் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். கார்டு அருமை என்றேன். "அப்ப ஏன்மா மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார். பல் நிறம் பார்க்கிற கண்.

ஏப்ரல் 26, ஞாயிறு

நானே போன் செய்தேன். எடுத்ததும் சொல்லிவிட்டேன், இல்லையென்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அக்கா, அந்த லேப்டாப்ல ஓடாது. கடையில சொன்னாங்க. தெரிஞ்சேதான் வாங்குனேன். நீ திரும்பி வரணும்னு."

அவளுக்குப் பின்னால் ஏதோ கப்பல் ஊதியது.

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"பெட்டியிலயே எழுதியிருந்துச்சே. நானும் வீடியோ பாத்தேன்ல."

"அப்ப ஏன் கேக்கல?"

"நான் மூணு வாரம் மறைச்சேன். நீ ஒரு லேப்டாப்ப மறைச்ச. எந்த வாயால கேப்பேன்?"

எனக்கு அழுகை முட்டியது. அவள் விடவில்லை. "போகாதன்னு வாயத் தொறந்து ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நின்னிருப்பியா?"

"மாட்டேன்." யோசிக்காமல் சொன்னாள். பிறகு, "ஆனா கேட்டிருப்பேன்ல. நீ சொல்லுறத ஒக்காந்து கேட்டிருப்பேன்" என்றாள்.

படம் படமாக நகர்கிறதாம். அதுகூடப் பரவாயில்லையாம், அவளுக்கு நடக்கத் தெரியவில்லை. எந்த விசை முன்னால், எந்த விசை பின்னால் என்றே தெரியவில்லை. விளையாட்டு தொடங்குகிற கரையிலேயே நின்று, இத்தனை நாளும் கடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அழகாத்தான்டி இருக்கு. ஆனா எவ்ளோ நேரம் கடலையே பாக்குறது? நாள் முழுக்க எனக்கு அதான வேல?"

இருவரும் சிரித்தோம். மவுஸ் கதையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டிவிட்டார்.

மே 2, சனி

கடைக்காரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். லேப்டாப்பை மாற்றித் தர முடியுமா என்றுதான் கேட்கப் போனேன். என் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு ஆள் விளையாட்டை இரண்டு பேர் என்றதும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"ஒருத்தர் கீபோர்டு, ஒருத்தர் மவுஸா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? என்ன விளையாட்டுன்னு கேட்டேன். எப்படி விளையாடுவீங்கன்னு நானும் கேக்கல."

அவர் சொன்னது இது. விளையாட்டு என் பெட்டியிலேயே ஓடும். அதன் படம் மட்டும் இணையம் வழியாக அக்காவின் லேப்டாப்புக்குப் போகும். படம் காட்ட அந்தச் சோப்ளாங்கி லேப்டாப்பே போதும். அங்கிருந்து அவள் கையசைவு என் பெட்டிக்கு வரும். என் திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் இருக்கும், கீபோர்டு ஒன்று, மவுஸ் ஒன்று. எதற்கு டிக் போடுகிறேனோ அது அவள் கைக்குப் போகும்.

"அப்ப லேப்டாப்ப மாத்த வேண்டாமா?"

"எதுக்கு? உங்களுக்கு வேண்டியது ஒரு கம்ப்யூட்டர்தான். நீங்க ஒண்ணரை வாங்கி வச்சிருக்கீங்க, தாராளம்."

நான் செய்தது தப்பா, சரியா? தப்புதான். தப்பு எப்படி இப்படிப் பொருந்திப்போனது என்றுதான் புரியவில்லை. திட்டம் போட்டு வாங்கியிருந்தாலும் இதைத்தான் வாங்கியிருப்பேனோ?

மே 3, ஞாயிறு

பத்து மணி. மவுஸ் கட்டத்தில் டிக். தத்தக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

எட்டு மணி நேரத் தூரத்திலிருந்து அக்கா திருப்பிய தலை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கொஞ்சம் தாமதம் இருக்கிறது, அவள் பார்ப்பதற்குள் நான் நடந்துவிடுகிறேன். நாலு தடவை பாலத்திலிருந்து விழுந்தோம். ஐந்தாவது தடவை கடந்தோம்.

மே 24, ஞாயிறு

அக்காவுக்கு ஷிப்ட் மாறியது, இன்று வர முடியவில்லை. நான் தனியாகப் பத்து மணிக்கு உட்கார்ந்து, பழக, பாலத்தில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தேன். மூன்று தடவைதான் விழுந்தேன். வலது கட்டைவிரல் இருக்க வேண்டிய இடம் இப்போது தெரிகிறது.

ஜூன் 7, ஞாயிறு

துணி காயப்போட்டாயிற்று. உட்கார்ந்தோம். போனில் அக்காவின் குரல், கூடவே அவள் தேநீரை ஊதுகிற சத்தம்.

"இன்னிக்கு மாத்திப் பாப்பமா? கீபோர்ட எங்கிட்ட குடு."

"விழுவோம்க்கா."

"புதுசாவா விழப்போறோம்? குடுடி."

மவுஸ் கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தேன். கீபோர்டு கட்டத்தில் போட்டேன். அக்கா ஒரு அடி வைத்தாள், நேராக ஒரு மரத்தில் போய் முட்டினாள். பின்வாங்கி மறுபடி அதே மரத்தில் முட்டினாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அரை மணியில் ஒருமாதிரி நடை வந்தது.

பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் காடு. இடப்பக்கம் படிகள் இறங்குகின்றன, எங்கே என்று தெரியவில்லை. அக்கா நின்றாள்.

"எந்தப் பக்கம்டி போகணும்?"

"எனக்குத் தெரியலையே."

"எனக்கும் தெரியல. நீ பாத்துச் சொல்லு. இருக்கேன்."

காட்டைப் பார்த்தேன். படியைப் பார்த்தேன். மறுபடி காட்டைப் பார்த்தேன். எப்போதும்போல ஒன்றும் விளங்கவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை, தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

மவுஸை மெதுவாக இடப்பக்கம் திருப்பினேன். அக்கா நடந்தாள்.